சொட்டு மருந்தா, ஊசியா, இரண்டுமா? குமரி மாவட்டத்துப் பெற்றோருக்கு ஒரு போலியோ ஒப்பீடு

பிள்ளை பிறந்து ஆறாவது வாரம் நெருங்கும்போது எங்கள் பக்கத்து வீடுகளில் ஒரு பேச்சு வந்தே தீரும். பிரசவம் பார்த்த தனியார் மருத்துவமனையில், "வலியில்லாத ஊசி போட்டுக்கலாம், அதிலேயே போலியோவும் அடங்கிரும்" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வந்து, "புதன்கிழமை சென்டருக்குத் தூக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். ஆச்சிக்கு வேறு கருத்து: "எங்க காலத்துல சொட்டு மருந்துதான். அது போதும்." சவூதியிலிருந்து வீடியோ காலில் பேசும் அப்பா, "காசைப் பார்க்காதே, எது நல்லதோ அதைப் போடு" என்பார். எது நல்லது என்றுதான் யாருக்கும் தெரியாது.

இந்தக் கேள்வி கடந்த சில மாதங்களில் எனக்குப் பலமுறை வந்துவிட்டது. மார்த்தாண்டத்திலிருந்து ஒரு அம்மா, தூத்தூரிலிருந்து ஒரு மீனவக் குடும்பம், பேச்சிப்பாறைக்கு மேலே ரப்பர் பால்வெட்டும் ஒருவரின் மனைவி. மூவரின் நிலைமையும் வேறு வேறு. அதனால் ஒரே வரியில் பதில் சொல்லாமல் விரிவாகவே எழுதுகிறேன்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்டால், என் பெரியம்மாதான் காரணம். அறுபதுகளில், இரண்டு வயதில் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் இடது கால் எழும்பவில்லை. அப்போது நம் ஊர்களில் போலியோவுக்குத் தடுப்பு மருந்து என்று எதுவும் வந்திருக்கவில்லை. இந்தியாவின் பொதுத் தடுப்பூசித் திட்டமே 1978-இல்தான் தொடங்கியது, போலியோ மருந்து அதில் 1979-இல் சேர்ந்தது. இடது முட்டியில் கையை ஊன்றி ஊன்றி நடந்தே பெரியம்மா தையல் படித்து, கடை வைத்து, தம்பி தங்கைகளைக் கரையேற்றினார். இளம்பிள்ளை வாதம் என்ற சொல்லை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே வீட்டில் பார்த்துவிட்டேன்.

## எதை வைத்து முடிவெடுப்பது

வழிகளை எடைபோடுவதற்கு முன் தராசை ஒழுங்குபடுத்திக்கொள்வோம். நான் பார்ப்பவை இவை:

முதலாவது, பிள்ளையின் கால். மருந்து பக்கவாதத்தைத் தடுக்குமா? போலியோ வைரஸில் மூன்று வகைகள் உண்டு. மூன்றுக்கும் பாதுகாப்பு கிடைக்கிறதா என்றும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இரண்டாவது, பிள்ளையின் குடல். இது பலருக்குப் புதிதாக இருக்கும். போலியோ வைரஸ் வாய் வழியாக உள்ளே போய், குடலில் பெருகி, மலத்தில் வெளியேறி, தண்ணீர் வழியாகவும் கை வழியாகவும் அடுத்த பிள்ளைக்குப் போகிறது. தொற்றியவர்களில் சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் கை கால் விழுகிறது. பெரும்பாலானோருக்கு ஒரு அறிகுறியும் இருக்காது, ஆனால் வைரஸை வெளியே விட்டுக்கொண்டிருப்பார்கள். ஆகவே குடலில் வைரஸைப் பெருகவிடாமல் நிறுத்துவது பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கான பாதுகாப்பு.

மூன்றாவது, மருந்தால் வரக்கூடிய தொந்தரவு. நான்காவது பணம். சீட்டில் எழுதும் பணத்தை மட்டும் சொல்லவில்லை, அன்றைய கூலி, ஆட்டோ, இரவுத் தூக்கம் எல்லாம் இதில் சேரும்.

ஐந்தாவது, எல்லாத் தவணையையும் உங்களால் முடிக்க முடியுமா என்பது. என் அனுபவத்தில் மற்ற நான்கையும்விடக் கனமானது இதுதான். பாதியில் நின்றுபோன விலையுயர்ந்த ஊசியைவிட, கடைசிவரை போட்டு முடித்த இலவச ஊசி ஆயிரம் மடங்கு மேல்.

## சொட்டும் ஊசியும்: நான்கு பத்தியில்

வாயில் இரண்டு சொட்டு விடும் மருந்தில் உயிருள்ள, ஆனால் வலுக்குறைத்த வைரஸ் இருக்கிறது. அது குடலிலேயே போய்த் தங்கி அங்கேயே எதிர்ப்பை உண்டாக்கும். அதனால் பரவலை நிறுத்துவதில் சொட்டு மருந்தே கில்லாடி. ஆனால் இப்போது நம் நாட்டில் தரும் சொட்டு மருந்தில் முதல் வகையும் மூன்றாம் வகையும் மட்டும்தான் இருக்கின்றன. இரண்டாம் வகை வைரஸ் உலகில் கடைசியாக 1999-இல் அலிகாரில் காணப்பட்டது. அது ஒழிந்துவிட்டதால் 2016 ஏப்ரலில் அதை மருந்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

ஊசியில் இருப்பது கொல்லப்பட்ட வைரஸ். மூன்று வகைக்கும் பாதுகாப்பு தரும், பக்கவாதத்தை நன்றாகத் தடுக்கும். உயிருள்ள வைரஸ் இல்லாததால் அதிலிருந்து போலியோ வரவே வழியில்லை. குறை என்னவென்றால், ஊசி மட்டும் போட்ட பிள்ளையின் குடலில் எதிர்ப்பு அவ்வளவாக உருவாகாது. வைரஸ் வந்தால் அந்தப் பிள்ளையின் காலுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் சில நாட்கள் அது வைரஸை வெளியே விடக்கூடும்.

சொட்டு மருந்தைப் பற்றி ஓர் உண்மையை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மிக மிக அரிதாக, பல லட்சம் முதல் தவணைகளில் ஒன்றில், அந்த வலுக்குறைந்த வைரஸே பக்கவாதத்தை உண்டாக்கலாம். தடுப்பூசி போடாதவர்கள் கூட்டமாக இருக்கும் இடத்தில் அது பிள்ளை விட்டுப் பிள்ளை பரவி, மாறி, மறுபடி வலுப்பெறுவதும் நடந்திருக்கிறது. எல்லோரும் போட்டிருக்கும் ஊரில் அதற்குப் பரவ இடம் கிடைக்காது.

சரி, இரண்டையும் சேர்த்தால்? இதற்கான விடை நம் மாநிலத்திலேயே கிடைத்தது. ஏற்கெனவே சொட்டு மருந்து குடித்த பிள்ளைகளுக்கு ஒரே ஒரு ஊசி போட்டபோது குடலின் எதிர்ப்பு நன்றாகக் கூடியதை வேலூரில் நடந்த ஆய்வு காட்டியது, 2014-இல் அது வெளிவந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சிஎம்சி) இதில் பழைய தொடர்பு உண்டு. மேலை நாடுகளில் மூன்று தவணைச் சொட்டு மருந்து போதுமாக இருந்தபோது, நம் பிள்ளைகளுக்கு அது போதவில்லை என்று எழுபதுகளிலேயே எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் அங்கிருந்த டாக்டர் டி. ஜேக்கப் ஜான். "ஏன் இத்தனை தடவை சொட்டு மருந்து?" என்று முகாமில் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் அதுதான்.

## முதல் வழி: எல்லாமே அரசு மையத்தில்

பிறந்தவுடன் சொட்டு மருந்து. 6, 10, 14 வாரங்களில் மறுபடி சொட்டு மருந்து. ஆறாவது வாரமும் பதினான்காவது வாரமும் வலது மேற்கையில் சின்ன போலியோ ஊசி. ஒன்பதாம் மாதம் இடது மேற்கையில் மூன்றாவது ஊசி, இது 2023 ஜனவரியிலிருந்து சேர்ந்தது. ஒன்றரை வயதை ஒட்டி ஒரு சொட்டு மருந்து பூஸ்டர். ஆறாவது வாரத்திலிருந்து, ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியான பெண்டாவும் கூடவே வரும். பெண்டாவை நாட்டிலேயே முதலில் தொடங்கிய இரண்டு மாநிலங்கள் தமிழ்நாடும் கேரளாவும்தான், 2011 டிசம்பரில்.

காலுக்கும் குடலுக்கும் சேர்த்துப் பார்த்தால் இதுவே முழுமையான ஏற்பாடு. சொட்டும் இருக்கிறது, ஊசியும் இருக்கிறது.

"அரசு ஊசியில் அளவு குறைவாமே?" என்று பலர் கேட்கிறார்கள். உண்மைதான், தோலுக்குள் போடுவது 0.1 மில்லி, முழு அளவில் ஐந்தில் ஒரு பங்கு. உலகம் முழுக்க ஊசி மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது 2016-இல் இந்த முறைக்கு வந்தார்கள், அதைத் தொடங்கிய முதல் மாநிலங்களில் நம்முடையதும் ஒன்று. ஆனால் தசையில் போடுவதைவிடத் தோலுக்குள் போடும்போது உடம்பு வேகமாக அடையாளம் கண்டுகொள்ளும். இந்தச் சின்ன அளவை இரண்டு முறை போடுவது, முழு அளவை ஒரே முறை போடுவதைவிட நல்ல பலன் தருகிறது. அளவைப் பார்த்து மட்டம் என்று நினைக்க வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஊசி சரியாகப் போட்டால் அந்த இடத்தில் தோல் ஒரு சிறு கொப்புளம்போல எழும்பும். எழும்பாவிட்டால் செவிலியரிடம் கேளுங்கள், தவறில்லை.

வெளியே தெரியாத செலவு? மருந்து இலவசம், நாள் இலவசமில்லை. புதன்கிழமை ஊசி நாள் என்றால், பால்வெட்டுக்குப் போகும் வீட்டில் அன்றைய கூலி போகும். மலைப் பக்கத்துக் குடியிருப்புகளிலிருந்து இறங்கி வர பஸ் நேரம் பார்க்க வேண்டும். பெண்டா போட்ட அன்று இரவு காய்ச்சலும் தொடையில் வீக்கமும் வரலாம். ஓரிரு நாளில் அடங்கிவிடும், மையத்திலேயே காய்ச்சல் மருந்தும் தருவார்கள். ஆனாலும் அந்த இரவு அம்மாவுக்குத் தூக்கம் இருக்காது. இரண்டாம் தவணைக்கு வராமல் போகும் பல குடும்பங்கள் அந்த ஓர் இரவுக்குப் பயந்தே நின்றுவிடுகின்றன.

இந்த வழியில் நான் மிகவும் மதிப்பது, தேடி வரும் ஆளை. தவணை தவறினால் செவிலியர் வீட்டு வாசலுக்கே வருவார், அல்லது அங்கன்வாடி டீச்சரிடம் சொல்லி அனுப்புவார். கர்ப்பம் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண்ணோடு உங்கள் பிள்ளையின் கணக்கு அவர்களிடம் தொடர்கிறது. எந்தத் தனியார் மருத்துவமனையும் உங்களைத் தேடி வள்ளவிளைக்கோ கீரிப்பாறைக்கோ வரப்போவதில்லை.

## இரண்டாம் வழி: தனியாரில் கூட்டு ஊசி மட்டும்

ஆறு நோய்களுக்கு ஒரே ஊசி, ஹெக்ஸா என்பார்கள். அதில் போலியோ ஊசி மருந்து முழு அளவில் இருக்கிறது. 6, 10, 14 வாரங்களில் மூன்று, ஒன்றரை வயதில் பூஸ்டர். நான்கு வயதுக்கு மேல் இன்னொரு தவணை போலியோ ஊசியையும் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது. பிள்ளையின் காலைக் காப்பதில் இந்த வழி மிகவும் உறுதியானது. அதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் நீங்கள் கொடுக்கும் அதிகப் பணம் எதற்கு என்று தெரிந்து கொடுங்கள். வலியில்லாத ஊசி என்ற பெயர் வந்தது அதிலுள்ள கக்குவான் இருமல் மருந்தால். அது வேறு விதமாகத் தயாரிக்கப்பட்டது, காய்ச்சலும் வீக்கமும் குறைவாக வரும். பழைய வகைக் கக்குவான் மருந்தின் பாதுகாப்பு அதைவிட நெடுநாள் நிற்கும் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். ஆக, சில ஆயிரம் ரூபாய் பெரும்பாலும் அந்த இரவு நிம்மதிக்கான விலை. காய்ச்சல் குறைவது சின்ன விஷயமில்லை, அதற்காகக் கொடுப்பவரை நான் குறை சொல்லவும் மாட்டேன். போலியோவுக்கு இது உயர்ந்த ரகம், அரசுடையது தாழ்ந்த ரகம் என்று நினைத்துக் கடன் வாங்கிக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கேதான் அதிகம். ஊசி விலையோடு ஒவ்வொரு முறையும் டாக்டர் கட்டணம். ரோட்டா, நிமோனியா தடுப்பூசிகளையும் அங்கேயே போட்டால் அவற்றுக்குத் தனி விலை. முதல் ஊசியை உற்சாகமாகப் போட்டுவிட்டு, மூன்றாவதுக்குப் பணம் புரளாமல் இரண்டு மாதம் தள்ளிப்போட்ட குடும்பத்தை எனக்குத் தெரியும். மீன்பாடு இல்லாத மாதத்தில் ஒரு வள்ளக்காரர் வீட்டில் வேறென்ன செய்வார்கள்?

அடுத்தது குளிர். எந்தப் போலியோ மருந்தும் 2 முதல் 8 டிகிரிக்குள் பத்திரமாக இருக்க வேண்டும். சொட்டு மருந்து சூட்டில் சீக்கிரம் கெடும், ஆனால் உறைந்தால் கெடாது. ஊசி மருந்து நேர் எதிர், உறைந்துவிட்டால் பயனற்றது. சொட்டு மருந்துக் குப்பியில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வெளிறி இருந்தால் மருந்து நல்லது, வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் தூக்கி எறிய வேண்டும். யார் வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். மருந்துக் கடையில் ஊசியை வாங்கி நீங்களே கொண்டுபோகச் சொன்னால், ஐஸ் பையோடு தருகிறார்களா, பனிக்கட்டி மருந்தை நேரடியாகத் தொடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை. அதுபோன்ற நாட்களுக்குப் பிறகு எந்த இடத்தில் ஊசி போட்டாலும், "ஃபிரிட்ஜ் எப்படி ஓடிச்சு?" என்று கேட்பது பெற்றோரின் உரிமை.

இந்த வழியில் நான் காணும் பெரிய ஓட்டை, சொட்டு மருந்து விட்டுப்போவது. ஊசி மட்டும் போட்டு வளரும் பிள்ளையின் கால் பத்திரம், குடல் திறந்த கதவு. அந்தப் பிள்ளையும் முழுத் தவணை முடிக்காத பிள்ளையும் ஒரே அங்கன்வாடியில்தான் உட்காரப்போகிறார்கள்.

இந்த வழிதான் சரி என்று சொல்லும் இடமும் உண்டு. பிறவியிலேயே நோயெதிர்ப்புக் குறைபாடு உள்ள பிள்ளைக்குச் சொட்டு மருந்து தரக் கூடாது, ஊசிதான் வேண்டும். வீட்டில் யாராவது உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்தவரோ, புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவரோ இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். அப்போதும் ஊசி வழியே பாதுகாப்பானது.

## மூன்றாம் வழி: ஊசி தனியாரில், சொட்டு அரசில்

பணம் ஒரு தடையில்லை, காய்ச்சலைக் குறைக்க வேண்டும், அதே நேரம் குடலுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பவர்களுக்கு இது நல்ல வழி. பிறந்த நாளே மருத்துவமனையில் சொட்டு மருந்து கேட்டு வாங்குங்கள். பிறந்து பதினைந்து நாள் கடந்தால் அந்த முதல் தவணை போய்விடும், கேட்காவிட்டால் விட்டுப்போகும் தவணையும் இதுவே. பிறகு ஹெக்ஸா தனியாரில். அதே வாரங்களில் அரசு மையத்தில் சொட்டு மருந்து. இரண்டையும் ஒரே நாளில் தரலாம், இடைவெளி தேவையில்லை. அப்புறம் முகாம் வரும்போதெல்லாம் சொட்டு.

செலவு இரண்டாம் வழியின் அளவுதான். அதற்கு மேல் ஒரு ஆபத்து இருக்கிறது, கணக்குக் குழப்பம். தனியார் டாக்டர், "சென்டரில் போட்டிருப்பாங்க" என்று நினைப்பார். செவிலியர், "தனியாரில் போட்டிருப்பாங்க" என்று நினைப்பார். ஒன்பதாம் மாதம் வந்து பார்த்தால் இரண்டு இடத்திலும் கட்டம் காலியாக இருக்கும். எதிர்ப்பக்கமும் நடக்கும், ஹெக்ஸா போட்ட பிள்ளைக்கு அதே மாதம் பெண்டாவும் விழுந்துவிடும். இதற்கு மருந்து ஒன்றுதான்: ஒரே அட்டை. அரசு கொடுத்த தாய்-சேய் அட்டையைத் தனியாருக்கும் கொண்டுபோய், ஊசியின் பெயர், தேதி, தொகுதி எண் எழுதி முத்திரை வாங்குங்கள். அதைச் செவிலியரிடம் காட்டினால் அவர் தன் பதிவிலும் ஏற்றிவிடுவார்.

## நான்காம் வழி: முகாம் சொட்டு மட்டும், அல்லது எதுவும் வேண்டாம்

இதை யாரும் நேரடியாகக் கேட்பதில்லை. "இப்ப எங்க போலியோ இருக்கு?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் 2004-க்குப் பிறகு போலியோ இல்லை. இயற்கை வைரஸால் (அதாவது மருந்திலிருந்து வராத வைரஸால்) பாதிக்கப்பட்ட இந்தியாவின் கடைசி நோயாளி, 2011 ஜனவரி 13 அன்று ஹவுராவில் நோய் தாக்கிய ஒரு சிறுமி. 2014 மார்ச் 27-இல் நம் பகுதி போலியோ இல்லாத பகுதி என்று சான்றும் கிடைத்துவிட்டது. 2009-இல் 741 பிள்ளைகள் பாதிக்கப்பட்ட நாடு இது, உலகக் கணக்கில் கிட்டத்தட்டப் பாதி. இரண்டே ஆண்டில் ஒன்றாகக் குறைந்தது எப்படி என்று நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைகிறது. ரயிலில், செங்கல் சூளையில், வெள்ளம் சூழ்ந்த கிராமத்தில் என்று பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தவர்கள் செய்த வேலை அது.

ஆனால் உலகம் இன்னும் முடிக்கவில்லை. 1988-இல் உலக நாடுகள் கூடி ஒழிப்பு வேலையைத் தொடங்கியபோது 125-க்கும் மேற்பட்ட நாடுகளில் போலியோ இருந்தது, ஆண்டுக்குச் சுமார் மூன்றரை லட்சம் பேருக்குக் கை கால் விழுந்தது. மூன்றாம் வகையும் ஒழிந்துவிட்டதாக 2019-இல் அறிவித்தார்கள். முதல் வகை மட்டும் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் பிடிவாதமாக நிற்கிறது. 2021-இல் உலகம் முழுவதும் இயற்கை வைரஸால் 6 பேர். முடிந்தேவிட்டது என்று எல்லோரும் நினைத்தோம். 2024-இல் பாகிஸ்தானில் மட்டும் 74, ஆப்கானிஸ்தானில் 25. வீடு வீடாகப் போக முடியாத இடத்தில் வைரஸ் திரும்பி வருகிறது.

போலியோ இல்லை என்று நிம்மதியாக இருந்த ஊர்களுக்கும் அது வந்திருக்கிறது. 2022-இல் நியூயார்க் மாநிலத்தில் தடுப்பூசி போடாத ஓர் இளைஞருக்குக் கால் விழுந்தது. 2024-இல் காசாவில், 25 ஆண்டுகளுக்குப் பிறகு முதல் முறையாக, பத்து மாதக் குழந்தை ஒன்றுக்கு. போர் நடுவே மருத்துவமனைகளும் தண்ணீரும் கழிவு வழிகளும் சிதைந்து, தவணைகள் நின்றுபோனதன் விளைவு. இந்த இரண்டும் மாறிப்போன இரண்டாம் வகை வைரஸால் வந்தவை. இதை நன்றாகக் கவனியுங்கள், நம் முகாமில் தரும் சொட்டு மருந்தில் இரண்டாம் வகை இல்லை. ஆகவே "வருஷா வருஷம் முகாமில் சொட்டு குடுக்கிறோமே, ஊசி எதுக்கு?" என்பதற்குப் பதில் இதுவே. இரண்டாம் வகைக்கு எதிராக உங்கள் பிள்ளையிடம் இருக்கும் ஒரே கவசம் ஊசி.

நம் மாவட்டத்தின் இருப்பிடத்தையும் யோசியுங்கள். கன்னியாகுமரிக் கடற்கரையில் சூரிய உதயம் பார்க்க நாடெங்கிலுமிருந்து ஆள் வருகிறார்கள். களியக்காவிளை வழியாக நாள் முழுக்கப் போக்குவரத்து. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருபவர்கள், ஆரல்வாய்மொழிப் பக்கம் சூளைகளுக்குக் குடும்பத்தோடு வரும் வடநாட்டுத் தொழிலாளர்கள், மாதக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி வேறு துறைமுகங்களில் கரையேறும் நம் மீனவர்கள். யாரையும் சந்தேகிப்பதற்காகச் சொல்லவில்லை. இவ்வளவு பேர் வந்துபோகும் முற்றத்தில் கதவைத் திறந்து போட முடியாது என்கிறேன்.

இந்த வழி யாருக்குப் பொருந்தும் என்று கேட்டால், என்னிடம் ஒரு பெயரும் இல்லை.

## பக்கம் பக்கமாக

| | அரசு மையம் | தனியார் ஊசி மட்டும் | கலந்து | முகாம் சொட்டு மட்டும் |
|---|---|---|---|---|
| காலுக்குப் பாதுகாப்பு | நன்று, மூன்று வகைக்கும் | நன்று, மூன்று வகைக்கும் | நன்று, மூன்று வகைக்கும் | இரண்டாம் வகைக்கு இல்லை |
| குடலில் தடுப்பு | வலுவானது | குறைவு | வலுவானது | ஓரளவு |
| காய்ச்சல் | பெண்டாவால் ஓரிரு நாள் | குறைவு | குறைவு | இல்லை |
| கைச்செலவு | இல்லை | தவணைக்குச் சில ஆயிரம் | தவணைக்குச் சில ஆயிரம் | இல்லை |
| மறைச்செலவு | ஒரு நாள் கூலி, காத்திருப்பு | டாக்டர் கட்டணம், மற்ற ஊசிகள் | இரட்டை அலைச்சல், கணக்குக் குழப்பம் | பிள்ளையின் பாதுகாப்பு |
| தவறினால் தேடி வருவார்களா | வருவார்கள் | மாட்டார்கள் | அட்டை சரியாக இருந்தால் | மாட்டார்கள் |

## முகாம் நாளில்

எல்லாத் தவணையும் முடித்த பிள்ளைக்கு முகாமில் மறுபடி கொடுக்க வேண்டுமா? கொடுங்கள். ஐந்து வயதுக்குள் இருக்கும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நாளில் குடிக்கும்போது வைரஸுக்கு அந்த நேரத்தில் ஒதுங்க ஒரு குடலும் கிடைக்காது. முகாமின் தத்துவமே அதுதான், நாட்டில் 1995-இல் தொடங்கியபோதும் அதுதான். தனியாரில் ஊசி போட்ட பிள்ளைக்கு இது கூடுதல் முக்கியம். முகாம் சொட்டு கூடுதல் தவணை மட்டுமே, அட்டையிலுள்ள தவணைக்கு ஈடாகாது.

வடசேரி பஸ் நிலையத்தில் ஒருமுறை முகாமில் நின்றபோது ஒரு இளம் அப்பா, "பிள்ளைக்கு மூக்கு ஒழுகுது, வேண்டாம்" என்று பஸ்ஸில் ஏறப் போனார். லேசான சளி, காய்ச்சல் தடையே இல்லை என்று சொல்லி, குப்பியின் சதுரத்தைக் காட்டினேன். அவரே பிள்ளையின் கன்னத்தை அழுத்தி வாயைத் திறந்தார். சுண்டுவிரலில் மை வைத்ததும் அந்தப் பிள்ளை விரலை வாயில் வைக்கப் பார்த்தது. குடித்தபின் தாய்ப்பால் கொடுக்கலாம். உடனே கக்கிவிட்டால் மறுபடி இரண்டு சொட்டு கேட்டு வாங்கலாம். வயிற்றுப்போக்கு இருக்கும்போதும் கொடுக்கலாம், பின்னர் ஒரு தவணை கூடுதலாகக் கொடுக்கச் சொல்வார்கள். முகாம் எல்லா ஆண்டும் எல்லா மாவட்டத்திலும் நடக்கும் என்று சொல்ல முடியாது, அறிவிப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

## கேட்டவர்களுக்கு என் பதில்

பேச்சிப்பாறை மைனிக்கு: தயங்காமல் முதல் வழி. காய்ச்சல் இரவுக்கு முன்னேற்பாடாகச் செவிலியரிடம் மருந்தின் அளவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மறுநாள் வேலைக்குப் போகாமல் இருக்க முடியுமானால் அதற்கேற்ற புதன்கிழமையைக் கேளுங்கள். ஒரு வாரம் தள்ளிப்போவதால் ஒன்றும் கெடாது. ஆனால் ஒரு மாதம் தள்ளவேண்டாம்.

மார்த்தாண்டத்து அம்மாவுக்கு: ஏற்கெனவே ஹெக்ஸா ஒன்று போட்டாகிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். தொடருங்கள், கூடவே அந்தந்த வாரம் சொட்டு மருந்து வாங்குங்கள். அடுத்த இரண்டு ஊசிக்கும் பணம் இப்போதே எடுத்து வைக்க முடியாவிட்டால், இப்போதே செவிலியரிடம் சொல்லி அரசு மையத்துக்கு மாறிவிடுங்கள். மாறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போகலாம்.

தூத்தூர்க் குடும்பத்துக்கு: பிள்ளைக்கு நான்கு மாதம் ஆனதும் வளைகுடாவுக்குப் போவதாகச் சொன்னீர்கள். 14-ஆம் வாரத் தவணையை இங்கேயே முடித்துவிட்டு ஏறுங்கள். அரசு மையமோ தனியாரோ, இரண்டும் சரி. அட்டையில் தேதிகள் எண்ணில், மருந்தின் பெயர்கள் ஆங்கிலத்தில் தெளிவாக இருக்கட்டும். அங்கே உள்ள அட்டவணையை அந்த ஊர் டாக்டர் உங்கள் அட்டையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். அட்டையைப் படம் எடுத்து இரண்டு பேர் போனிலாவது வைத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை வீட்டில் என்ன செய்தோம் என்றும் கேட்டிருந்தார்கள். முதல் வழிதான். ஆறாவது வாரம் இரவு முழுக்கக் காய்ச்சல், பிள்ளையை மாற்றி மாற்றித் தோளில் போட்டு நடந்தோம். பத்தாவது வாரம் அவ்வளவு இல்லை. ஒன்பதாம் மாத ஊசி வருகிற புதன்கிழமை. ஆட்டோவுக்குச் சொல்லிவிட்டோம், பெரியம்மாவும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.